சயாமில் செத்தவர்களும் ஹிரோஷிமாவில் செத்தவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகஸ்ட் 6 அன்று நீங்கள் எழுதிய குறிப்பில், ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்டது போர்க்குற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மலேசியத் தமிழர்களுக்கு ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் சயாம் மரண ரயில்தான். தோட்டம் தோட்டமாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. அவர்களுக்காக யாரும் ஆண்டுதோறும் மணி அடிப்பதில்லை.

அந்தக் குண்டுகள் விழாமல் இருந்திருந்தால் போர் இன்னும் ஓராண்டு இழுத்திருக்கும், அமெரிக்கப் படை ஜப்பானில் இறங்கிப் பத்து லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்றுதான் படித்திருக்கிறேன். இரண்டு லட்சம் பேர் செத்து இருபது லட்சம் பேர் பிழைத்தார்கள் என்றால் அது எப்படிக் குற்றமாகும்? ஆளில்லாத இடத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா? சட்டம் என்ன சொல்கிறது? கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

செ., ஈப்போ

அன்புள்ள செ.,

ஒரே வரியில் முடித்தது என் பிழை. இவ்வளவு பெரிய சொல்லைச் சொல்கிறவர் அதற்கான ஆதாரத்தையும் கூடவே வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு, கல்லறை உண்டு. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் மட்டும் சுமார் 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஜப்பானியர் ‘ரோமுஷா’ என்று அழைத்த ஆசியத் தொழிலாளர்களில், அதாவது மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர் ஆகியோரில், செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. கைதிகளின் முகாமில் ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். கூலிகளின் முகாமில் காலரா வந்தபோது கேட்பாரில்லை. இதைச் சொல்லாமல் ஹிரோஷிமாவைப் பற்றி மட்டும் பேசுவது பாதி நினைவு என்பது சரி.

உங்கள் வாதத்துக்கு நீங்கள் சொல்லாமல் விட்ட இன்னொரு பலமும் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் ஆசியா முழுக்க ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சீனாவில் போர் ஓயவில்லை. வடக்கு வியட்நாமில் முந்தைய குளிர்காலத்திலிருந்து பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைத் தின்றிருந்தது. மலாயாக் கரையில் படையை இறக்கப் பிரிட்டன் ‘சிப்பர்’ என்ற பெயரில் செப்டம்பருக்குத் திட்டம் வைத்திருந்தது. ஜப்பான் சரணடைந்துவிட்டதால்தான் மோரிப் கடற்கரையில் அந்தப் படை சண்டையில்லாமல் இறங்கியது. போர் ஆகஸ்டிலேயே முடிந்ததால் பிழைத்தவர்களில் உங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. இதை மறைத்துவிட்டு அறம் பேச நான் தயாரில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. குண்டு போரை முடித்ததா என்பது ஒன்று. முடித்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு நகரத்து மக்களைக் குறிவைத்துக் கொல்லலாமா என்பது இன்னொன்று. முதலாவதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதுகிறார்கள். இரண்டாவதற்கு வேண்டிய சாட்சியம் அன்று முடிவெடுத்தவர்களே எழுதிவைத்த குறிப்புகளில் தெளிவாக இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1945 மே 10, 11 தேதிகளில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில், குண்டை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர் ஓப்பன்ஹைமரின் அலுவலக அறையில், இலக்குக் குழு கூடியது. எந்த ஊரில் போடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் அதன் வேலை. குழு வைத்த தகுதிகள் இவை: மூன்று மைலுக்கு மேல் குறுக்களவுள்ள பெரிய நகரத்துக்குள் இலக்கு இருக்க வேண்டும், வெடி அலையால் நன்றாகச் சேதமடையக் கூடியதாக இருக்க வேண்டும், ஆகஸ்ட் வரை வேறு குண்டுவீச்சில் அழியாமல் மிஞ்ச வேண்டும். ஏற்கெனவே எரிந்த ஊரில் போட்டால் புதுக் குண்டு என்ன செய்தது என்று அளக்க முடியாதல்லவா? கியோட்டோவும் ஹிரோஷிமாவும் முதல் தரத்தில் வந்தன. கியோட்டோவுக்கு அவர்கள் எழுதிய காரணங்களில் ஒன்று, அங்குள்ளவர்கள் அறிவாளிகள், ஆகவே இந்த ஆயுதத்தின் பொருளை நன்றாக உணர்வார்கள் என்பது. ஹிரோஷிமாவுக்கு எழுதியது: நகர்ப்புறத் தொழில் பகுதியின் நடுவே முக்கியமான ராணுவக் கிடங்கும் துறைமுகமும் உள்ளன, சுற்றிலும் உள்ள குன்றுகள் வெடி அலையைக் குவித்துச் சேதத்தைக் கூட்டும், ஆறுகள் ஓடுவதால் தீக்குண்டுக்கு அவ்வளவு தோதான ஊர் இல்லை.

மே 31 அன்று அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் தலைமையில், குண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசிக்கும் இடைக்காலக் குழு கூடியது. அந்தக் கூட்டக் குறிப்பில் அடுத்தடுத்து வரும் இரண்டு வாக்கியங்களைப் படியுங்கள். ஜப்பானுக்கு முன்னெச்சரிக்கை தர இயலாது, பொதுமக்கள் வாழும் பகுதியைக் குறிவைக்கக் கூடாது, ஆனால் முடிந்தவரை அதிகமான மக்களின் மனத்தில் ஆழமான பாதிப்பை உண்டாக்க வேண்டும் என்கிறது முதல் வாக்கியம். நிறையத் தொழிலாளர்கள் வேலைசெய்கிற, அவர்களுடைய வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிற ஒரு முக்கியப் போர்த் தொழிற்சாலையே சிறந்த இலக்கு என்கிறது அடுத்தது. வேதியியலாளர் கானன்ட் அதைச் சொன்னார், ஸ்டிம்சன் ஒப்புக்கொண்டார். பொதுமக்கள் கூடாது என்று சொன்ன மூச்சு அடங்குவதற்குள், தொழிலாளர் வீடுகளே தகுதியாகிவிடுகின்றன. அவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் செய்யப்போவதைத் தங்களுக்கே வேறு பெயரில் சொல்லிக்கொண்டார்கள்.

இதைவிடத் துல்லியமான சாட்சி, குண்டு எந்த உயரத்தில் வெடிக்க வேண்டும் என்று வைத்த கணக்கு. தரையில் வெடித்தால் பள்ளம் விழும், பக்கத்தில் உள்ள கெட்டியான கட்டடங்கள் தூளாகும், ஆனால் பரப்பு குறையும். மேலே வெடித்தால் அலை பரந்து விழும். இலக்குக் குழு எடுத்துக்கொண்ட அளவுகோல் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம். மரச்சட்டமும் ஓடும் கொண்ட ஜப்பானிய வீடு சரிய அது போதும். இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட் சட்டத்துக்கு அது போதாது. அதாவது அந்த உயரம் வீடுகளுக்காக வைத்தது.

ஆகஸ்ட் 6 காலை 7:09-க்கு அபாயச் சங்கு ஒலித்தது. வந்தது வானிலை பார்க்கும் ஒற்றை விமானம். 7:31-க்கு அபாயம் நீங்கியதாக அறிவித்தார்கள். மக்கள் பதுங்கு குழிகளிலிருந்து வெளியே வந்தார்கள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துப் பாதை அகலப்படுத்தும் வேலைக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் வெட்டவெளியில் ஓடுகளையும் பலகைகளையும் சுமந்துகொண்டிருந்தார்கள். 8:15-க்கு விமானத்திலிருந்து விழுந்த குண்டு சுமார் 43 விநாடி கீழே இறங்கியது. குறி ஐயோய் பாலம். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் ஆற்றின் பிரிவின் மேல் நிற்பதால், வானிலிருந்து பார்க்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. குறியிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி, ஷிமா மருத்துவமனைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. வலிமை சுமார் 15,000 டன் டிஎன்டி. ஊரில் அன்று சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள்.

ஹிரோஷிமா ராணுவ ஊரே இல்லை என்று சிலர் எழுதுவார்கள். அது பொய். மேற்கு ஜப்பானைக் காக்க வேண்டிய இரண்டாம் பொதுப்படையின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆனால் போர் முடிந்தபின் அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு மதிப்பாய்வுக் குழு சொன்னதைக் கேளுங்கள். நகரத்தின் ஓரங்களில் இருந்த பெரிய தொழிற்சாலைகள் ஏறக்குறைய அப்படியே தப்பின. அவற்றின் தொழிலாளர்களில் 94 சதவீதம் பேருக்குக் காயமில்லை. நகரத்தின் தொழில் உற்பத்தியில் 74 சதவீதம் அவற்றுடையது. போர் தொடர்ந்திருந்தால் 30 நாளில் அவை பழையபடி ஓடியிருக்கும் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. ரயில் ஆகஸ்ட் 8-லேயே ஊரைக் கடந்து ஓடத் தொடங்கிவிட்டது. அதே அறிக்கையில், ஹிரோஷிமாவின் 1,780 செவிலியரில் 1,654 பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள் என்றும் இருக்கிறது. ஆலைகள் மிஞ்சின, ரயில் மிஞ்சியது, செவிலியர் மிஞ்சவில்லை. குறி எங்கே இருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆகஸ்ட் 9 அன்று வானொலியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஹிரோஷிமாவை ராணுவத் தளம் என்றார். பொதுமக்கள் சாவை முடிந்தவரை தவிர்க்க விரும்பியதால் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்றார். ஜூலை 25-ன் நாட்குறிப்பிலும் பெண்களும் குழந்தைகளும் இலக்கல்ல என்று எழுதியிருக்கிறார். அவர் அதை நம்பி எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பெயரால் வைத்த குறி அப்படி இல்லை.

இங்கேதான் அறக்கேள்வி நிற்கிறது. ஒரு ஆயுதக் கிடங்கைத் தாக்கும்போது பக்கத்தில் வசிப்பவர்கள் சாவார்கள் என்று தெரிந்தும் தாக்குவது ஒன்று. அதிலும் அளவு பார்க்க வேண்டும், ஆனால் விவாதத்துக்கு இடம் உண்டு. பக்கத்தில் வசிப்பவர்களின் சாவையே செய்தியாக்கி எதிரி அரசுக்கு அனுப்புவது இன்னொன்று. 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர முற்பட்டபோது, அங்கே தத்துவம் கற்பித்துவந்த எலிசபெத் ஆன்ஸ்கம் எதிர்த்து நின்றது இந்த வேறுபாட்டை முன்வைத்துத்தான். குற்றமற்றவர்களின் சாவை ஒரு நோக்கத்துக்கு வழியாகத் தேர்ந்தெடுப்பது கொலை, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் அது மாறாது என்றார். பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அவர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. சயாமில் கூலிகளை அந்தக் கதிக்கு ஆளாக்கியவர்களுக்கும் ஒரு நோக்கம் இருந்ததே. பர்மாப் படைக்குச் சரக்கு போக வேண்டும், கடல்வழி ஆபத்து, ஆகவே பாதை சீக்கிரம் முடிய வேண்டும். அந்தக் கணக்கை நாம் ஏற்க மறுக்கிறோம் என்றால் காரணம் ஒன்றுதான்: அந்த மனிதர்கள் செலவழிப்பதற்கான பொருள் இல்லை.

டோக்கியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1945 மார்ச் 9 இரவு தொடங்கி விடியும் வரை நடந்த தீக்குண்டு வீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெந்து செத்தார்கள். அணுகுண்டு வருமுன்பே ஜப்பானின் அறுபதுக்கு மேற்பட்ட நகரங்களை எரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லை மீறியது அந்த இரவிலேயே. ஹிரோஷிமாவை மட்டும் தனிக் குற்றமாகப் பேசுவது அந்த நகரங்களுக்குச் செய்யும் அநீதி. வேறுபாடு பின்னால் தெரிந்தது. காயமே இல்லாமல் தப்பியவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டி, ஈறில் ரத்தம் வந்து செத்தார்கள். சில ஆண்டுகளில் ரத்தப்புற்று பெருகியது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையால் அந்த நோயைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்களால்கூடத் தாராளமாக எழுத முடியவில்லை.

இனி, உங்கள் ‘பத்து லட்சம்’. அந்த எண் பிரபலமானது 1947 பிப்ரவரியில் ஸ்டிம்சன் பெயரில் வெளிவந்த பத்திரிகைக் கட்டுரையால். அதில் இருப்பதும் செத்தவர் கணக்கல்ல. காயம்பட்டவர்களையும் சேர்த்த இழப்புக் கணக்கு. நாளாவட்டத்தில் அது பத்து லட்சம் சாவாக மாறிவிட்டது. 1945 ஜூனில் கூட்டுப் போர்த்திட்டக் குழு போட்ட கணக்கு வேறு: ஜப்பானின் தென் தீவான கியூஷூவின் தெற்கிலும் பிறகு டோக்கியோச் சமவெளியிலும் இறங்கினால் சுமார் 40,000 அமெரிக்கர் இறப்பர், 1,50,000 பேர் காயமடைவர். ஆனால் அதையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். கியூஷூவில் ஜப்பான் சேர்க்கும் படை மூன்றரை லட்சம் அளவில் இருக்கும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். ஆகஸ்டில் ஒட்டுக்கேட்ட தந்திகள் அது ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாகக் காட்டின. ஒக்கினாவாவில் மட்டும் 12,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும், ஒரு லட்சம் அளவில் ஊர்மக்களும் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பயம் உண்மையான பயம்.

ஆனால் ‘குண்டா, படையெடுப்பா’ என்று யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து தராசு பிடிக்கவில்லை. படையெடுப்புக்குக் குறித்த நாள் நவம்பர் 1. குண்டு தயாரானது ஆகஸ்டில். நடுவில் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் நடக்கக்கூடியவை என்று அவர்களுக்கே தெரிந்தவை பல. சோவியத் ஒன்றியம் போரில் இறங்கப்போகிறது. ஜப்பான் வெளியுறவு அமைச்சர் தோகோ மாஸ்கோவிலிருந்த தூதருக்கு அனுப்பிய ஜூலைத் தந்திகளில், நிபந்தனையற்ற சரண் என்ற கோரிக்கைதான் சமாதானத்துக்குத் தடை என்று இருந்தது. அமெரிக்கா அதை ஒட்டுக்கேட்டுப் படித்துவிட்டது. பேரரசர் பதவி நீடிக்கலாம் என்று, ஜப்பானைச் சரணடையக் கோரிய போட்ஸ்டம் பிரகடனத்தின் வரைவில் ஸ்டிம்சன் தரப்பு ஒரு வரி வைத்திருந்தது. ஜூலை 26-ல் வெளியானபோது அந்த வரி இல்லை. இரண்டு நகரங்கள் அழிந்தபின் ஆகஸ்ட் 11 பதிலில், பேரரசரின் அதிகாரம் நேசநாட்டுத் தளபதிக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று எழுதினார்கள். கட்டுப்பட்டிருக்க வேண்டுமானால் அவர் இருந்தாக வேண்டும். கடைசியில் இருந்தார்.

அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஜூலையிலேயே போர் முடிந்திருக்கும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் 9 காலை பத்தரைக்கு டோக்கியோவில் போர் உயர்குழுவின் ஆறு பேர் கூடியபோது ஹிரோஷிமா போய்விட்டது, சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. அப்போதும் போர் அமைச்சர் அனாமி, படைத் தலைவர்கள் உமெசு, தொயோதா மூவரும் பேரரசர் பதவி போதாது என்றார்கள்: அந்நியப் படை ஆக்கிரமிக்கக் கூடாது, ஆயுதக் களைவை நாங்களே செய்துகொள்வோம், போர்க்குற்ற விசாரணையும் எங்களுடையது. பிரதமர் சுசுகி, தோகோ, கடற்படை அமைச்சர் யொனாய் மூவரும் ஒரே நிபந்தனை போதும் என்றார்கள். மூன்றுக்கு மூன்று. தன் மக்கள் எரிந்துகொண்டிருக்கும்போது தங்கள் விசாரணையைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமைக்காகப் பிடிவாதம் பிடித்த அந்த மூவருக்கும் இந்தச் சாவுகளில் பங்கு உண்டு.

கூட்டம் நடக்கும்போதுதான் நாகசாகிச் செய்தி வந்தது. வந்த பிறகும் மூன்றுக்கு மூன்றுதான். அன்று நள்ளிரவு தாண்டி நிலவறையில் பேரரசரே தலையிட்டு முடிவைச் சொன்னார். அவரை அசைத்தது எது? ஆகஸ்ட் 15 வானொலியில் ஒலித்த பிரகடனம் கொடிய புதுக் குண்டைப் பற்றிப் பேசுகிறது, சோவியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆகஸ்ட் 17 அன்று படைவீரர்களுக்கு விடுத்த பிரகடனம் சோவியத் நுழைவைச் சொல்கிறது, குண்டைச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து அடித்தன என்பதே என் புரிதல். குண்டு ஒன்றே முடித்தது என்பதும், குண்டுக்குப் பங்கே இல்லை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நாகசாகியைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு முடிவே எடுக்கப்படவில்லை. ஜூலை 25 தேதியிட்டு ஜெனரல் ஹாண்டி கையெழுத்திட்ட உத்தரவு, ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானிலை இடம்கொடுத்ததும் ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகியவற்றில் ஒன்றில் முதல் குண்டைப் போடச் சொல்கிறது. அடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போடப்படும் என்கிறது. அவ்வளவுதான். நாகசாகி அந்தப் பட்டியலுக்கு வந்ததே கடைசி நேரத்தில். முந்தைய நாள் வரைவில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். கியோட்டோவை விடவே கூடாது என்று குண்டுத் திட்டத்தின் தலைவர் குரோவ்ஸ் மல்லுக்கு நின்றார். 1920-களில் அந்த ஊரை நேரில் பார்த்திருந்த ஸ்டிம்சன் ட்ரூமனிடம் போய் நீக்கச் சொன்னார். ஒரு நகரம் பிழைத்தது, இன்னொன்று அதன் இடத்துக்கு வந்தது.

இரண்டாவது வீச்சு ஆகஸ்ட் 11-க்கு என்று இருந்தது. வானிலை கெடப்போகிறது என்று 9-க்கு முன்னே இழுத்தார்கள். வாஷிங்டனில் யாரும் ஹிரோஷிமாவின் விளைவைப் பார்த்துவிட்டு ‘இன்னொன்று போடலாம்’ என்று சொல்லவில்லை. அன்று புறப்பட்ட ‘பாக்ஸ்கார்’ விமானத்தில் ஒரு பம்ப் வேலைசெய்யவில்லை. சேமத் தொட்டியிலிருந்த 600 காலனுக்கு மேற்பட்ட எரிபொருளை எடுக்க முடியாது. தெரிந்தே கிளம்பினார்கள். யகுஷிமா தீவுக்கு மேலே படமெடுக்கும் விமானத்துக்காக 15 நிமிடம் காத்திருக்க வேண்டியவர்கள் சுமார் 40 நிமிடம் சுற்றினார்கள். அது வரவேயில்லை. முதல் இலக்கு கொக்குரா. அங்கே போனால் ஆயுதச்சாலையைப் புகையும் மேகமும் மூடியிருந்தது. பக்கத்து யவாட்டாவை முந்தைய நாள்தான் எரித்திருந்தார்கள். கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு. மூன்று முறை சுற்றிவிட்டு நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். எரிபொருள் ஒரு சுற்றுக்குத்தான் காணும். ராடாரை நம்பிப் போடுவது என்று முடிவுசெய்தபோது கடைசி நொடியில் மேகத்தில் ஓர் ஓட்டை தெரிந்ததாகக் குண்டெறிபவர் சொன்னார். 11:02. விழுந்த இடம் குறியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வடமேற்கே, உராகாமிப் பள்ளத்தாக்கு. ஆயுத ஆலைகளும் அங்கே இருந்தன, மருத்துவக் கல்லூரியும் இருந்தது, தேவாலயமும் இருந்தது. உராகாமியின் சுமார் 12,000 கத்தோலிக்கர்களில் 8,500 பேர் அளவில் மாண்டார்கள். நகரம் முழுக்க ஆண்டு முடிவுக்குள் 70,000 பேருக்கு மேல். விமானம் எரிபொருள் தீரும் நிலையில் ஒக்கினாவாவில் இறங்கியது.

மறுநாள், அடுத்த குண்டு ஆகஸ்ட் 17 அல்லது 18-க்குப் பிறகு தயார் என்று குரோவ்ஸ் எழுதியனுப்பிய குறிப்பின் அடியில், ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இதை ஜப்பான்மீது போடக் கூடாது என்று தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் கைப்பட எழுதினார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பது கொடுமையாக இருக்கிறது, அந்தக் குழந்தைகளையெல்லாம் கொல்ல மனமில்லை என்று ட்ரூமன் அமைச்சரவையில் சொன்னதாக வணிக அமைச்சர் வாலஸின் நாட்குறிப்பு கூறுகிறது. அந்த அனுமதிக் கதவை ஒரு வாரம் முன்னால் வைத்திருந்தால் நாகசாகி பிழைத்திருக்க வழி இருந்தது. புதுவகைக் குண்டைப் பற்றி எச்சரித்து அச்சிட்ட துண்டறிக்கைகள் நாகசாகியில் விழுந்தது ஆகஸ்ட் 10 அன்று.

ஆளில்லாத இடத்தில் போட்டுக் காட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குண்டுத் திட்டத்தில் இருந்த சிகாகோ விஞ்ஞானிகள் ஜூன் 11-ல் ஃபிராங்க் அறிக்கையில் அதைத்தான் கேட்டார்கள். ஜூலை 17-ல் விஞ்ஞானி ஜிலார்டின் மனுவில் 70 பேர் கையெழுத்திட்டார்கள். மனு ட்ரூமன் கைக்குப் போகவில்லை. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் நால்வரும் ஜூன் 16-ல், போரை முடிக்கக்கூடிய செய்முறைக் காட்சி எதையும் தங்களால் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் கவலையில் பொருள் உண்டு. ஆகஸ்டில் கைவசம் இருந்தது யுரேனியக் குண்டு ஒன்று, புளூட்டோனியக் குண்டு ஒன்று. காட்டும்போது வெடிக்காமல் போனால் ஜப்பான் ராணுவம் சிரிக்கும். வெடித்தாலும் அனாமி முதலிய அந்த மூவர் மசிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கடற்படைத் துணை அமைச்சர் பார்ட் ஜூன் 27-ல் கேட்டது அதைவிடச் சின்ன விஷயம்: இரண்டு மூன்று நாள் முன்னால் எச்சரிக்கை கொடுங்கள். அதற்குச் செலவாகும் குண்டு எதுவுமில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 1907 ஹேக் விதிகள் பாதுகாப்பில்லாத ஊர்களைத் தாக்குவதைத் தடுத்தன, அநாவசியத் துன்பம் தரும் ஆயுதங்களையும் தடுத்தன. வான்போருக்கென்று 1923-ல் எழுதிய விதிகளை எந்த நாடும் ஏற்கவில்லை. அந்த ஓட்டையை வைத்துத்தான் எல்லாத் தரப்பும் நகரங்களை எரித்தன. டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் தோற்றவர்களை மட்டும் விசாரித்தது. அணுகுண்டையும் பேச வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பில் சொன்னவர் இந்திய நீதிபதி ராதாவினோத் பால். 1963 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஷிமோதா வழக்கில், இரண்டு குண்டுவீச்சும் சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. 1977-ன் ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை, ஒரு நகரத்துக்குள் தனித்தனியே இருக்கும் ராணுவ இலக்குகளை ஒரே இலக்காக எடுத்துக்கொண்டு குண்டு போடுவதை வெளிப்படையாகத் தடுக்கிறது. ஹிரோஷிமாவை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருக்கும் அந்த விதி. அமெரிக்கா அதற்கு ஏற்புறுதி தரவில்லை. இந்தியாவும் அதில் சேரவில்லை.

1996-ல் சர்வதேச நீதிமன்றம், அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டவிரோதம், ஆனால் ஒரு நாடே அழியும் நிலையில் தற்காப்புக்காக என்றால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றது. ஏழுக்கு ஏழு, தலைவரின் ஓட்டில் முடிந்தது. 2017-ல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேறிய தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் மலேசியா 2020-ல் ஏற்புறுதி கொடுத்துவிட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாடும் சேரவில்லை, என் நாடான இந்தியாவும் சேரவில்லை. ஆகவே நான் ‘போர்க்குற்றம்’ என்றது தண்டனை வழங்கிய நீதிமன்றத்தின் சொல் அல்ல. அன்றிருந்த விதிகளின் பொருளையும் குறிவைத்த விதத்தையும் பார்த்து நான் வந்த முடிவு. அதிலிருந்து நான் மாறவில்லை.

கடைசியாக, சயாமுக்கே திரும்புகிறேன். ஜப்பான் செய்ததற்கு ஜப்பான் பட்டது என்ற எண்ணம் உங்கள் வரிகளுக்கு அடியில் ஓடுகிறது. அந்த வேதனையின் நியாயம் புரிகிறது. ஆனால் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் ஜப்பானியர் மட்டும் இல்லை. சயாமுக்குத் தமிழர்களைக் கொண்டுபோன அதே பேரரசு, கொரியர்களைக் கட்டாய வேலைக்கு ஹிரோஷிமாவுக்குக் கொண்டுவந்திருந்தது. மிட்சுபிஷி ஆலைகளில், துறைமுகத்தில், ராணுவத்தில் அவர்கள் இருந்தார்கள். சயாம் முகாமில் கூலிகளுக்கு மருத்துவர் கிடைக்காததுபோலவே குண்டுக்குப் பிறகு இவர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஊர் திரும்பிய பிறகு ஜப்பானின் மருத்துவ உதவிக்காகப் பல ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது.

அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கல்லால் ஆன ஆமை, அதன் முதுகில் நெட்டுக்குத்தாக ஒரு தூண், உச்சியில் டிராகன்கள். இறந்தவர்களின் ஆன்மா ஆமையின் முதுகேறி மேலே போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. 20,000-க்கு மேற்பட்ட கொரியர்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 1970-ல் எழுப்பினார்கள். அமைதிப் பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை. ஆற்றின் அக்கரையில் 29 ஆண்டுகள் நின்றது. 1999-ல்தான் பாலத்தைக் கடந்து உள்ளே வந்தது.

அன்புடன்.